ஓடும் ரயிலில் துள்ளினால்

சென்ற செவ்வாய்க்கிழமை பல் வைத்தியரிடம் போய்விட்டு மெற்றோவில் வந்துகொண்டிருந்தேன். இப்போது ஓடுகிற புது ரயிலில் பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே கதவு கிடையாது. ஒரு தலைப்பிலிருந்து மறு தலைப்புவரை ஒரே நீளமாகத் தெரியும். எனக்கு எதிரே ஐந்து வயது மதிக்கத்தக்க ஒரு சிறுமி கம்பியை விட்டுவிட்டு நடுவில் நின்று துள்ளிக்கொண்டிருந்தாள். துள்ளுவாள், கீழே வருவாள், குனிந்து காலில் கிடக்கிற தன் சப்பாத்தைப் பார்ப்பாள், மறுபடியும் துள்ளுவாள். தாய் கைத்தொலைபேசிக்குள் தலையை விட்டிருந்தார். மற்றவர்களுக்கு அது குழந்தைக் குழப்படி. எனக்கு அவள் என்ன செய்கிறாள் என்பது உடனே விளங்கிவிட்டது. ரயில் தன்னை விட்டுவிட்டு ஓடுகிறதா என்று அளந்து பார்க்கிறாள்.

அடுத்த நிலையத்துக்காக ரயில் வேகம் குறைக்கப் போகிறது என்று என் கால்களுக்குத் தெரிந்தது. எழும்பி, இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு அவளுக்கு முன்னால் போய் நின்றேன். அறுபதை நெருங்கும் வழுக்கைத் தலையன், ஒரு கன்னம் மரத்துக் கோணலாக இருக்கிறது, யாரோ பெற்ற பிள்ளையைப் பிடிக்க வருகிறான். தாய் நிமிர்ந்து பார்த்த பார்வையை நான் குறை சொல்ல மாட்டேன். "பார்தோன், மதாம்" என்று சொல்லிவிட்டு என் இருக்கைக்குத் திரும்பினேன். இத்தனை வருடம் இந்த ஊரில் இருந்தும் அவசரத்துக்கு எனக்கு வருகிற பிரெஞ்சு அவ்வளவுதான். சிறுமி விழவில்லை. கதவு மூடும்போது அந்த மூன்று சுரங்கள் ஒலித்தன.

அந்தச் சுரங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழைய நீல ரயில் புறப்படும்போது அதன் மோட்டாருக்குள்ளிருந்தே மூன்று சுரம் எழும். யாரோ சங்கீதம் தொடங்கப் போகிறவர் சுருதி பார்ப்பது மாதிரி இருக்கும். பழைய ரயில்கள் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. புது ரயிலில் அதைப் பதிவு செய்து கதவு மூடும்போது போடுகிறார்கள். சத்தத்தைக் காப்பாற்றிவிட்டார்கள். மணத்தைக் காப்பாற்ற அவர்களாலும் முடியவில்லை. பழைய ரயிலின் பிரேக் கட்டைகள் மரத்தால் செய்தவை, கச்சான் எண்ணெயில், அதுதான் கடலை எண்ணெயில், ஊறவைத்தவை என்று நான் வேலை செய்த உணவகத்தில் கூட இருந்த ஒருவர் சொன்னார். ரயில் பிரேக் பிடிக்கும்போது சுரங்கம் முழுக்க வறுத்த கச்சான் மணக்கும். முதல் தடவை அதை முகர்ந்தபோது கச்சான் வறுத்து விற்கிற வவுனியா பஸ் நிலையத்தில் நிற்கிறேனோ என்று திரும்பிப் பார்த்தேன். வவுனியாவில்தான் என் மனைவியையும் எட்டு மாதக் கைக்குழந்தையையும் விட்டுவிட்டு வந்திருந்தேன்.

அது தொண்ணூற்றெட்டு. அகதிக் கோரிக்கை, விசாரணை, வதிவிட உரிமை, பிறகு ஸ்பொன்சர் என்று ஒவ்வொரு கடிதத்துக்கும் காத்திருந்து காத்திருந்து ஆறு வருடம் போனது. அந்த ஆறு வருடமும் நான் என் மகளுக்கு ஒரு தொலைபேசிக் குரல். வவுனியாவில் அவர்கள் வீட்டில் தொலைபேசி இல்லை. தெருமுனையில், காசு கட்டித் தொலைபேசி கதைக்கிற ஒரு கொமினிக்கேசன் கடை இருந்தது. சனிக்கிழமை காலை என் மனைவி வதனி பிள்ளையைக் குளிக்க வார்த்து, தலை இழுத்து, பொட்டு வைத்துக் கூட்டிக்கொண்டு போவாள். கண்ணாடிக் கதவு போட்ட கூட்டுக்குள் இருவரும் நிற்பார்கள். நான் இங்கிருந்து போன் எடுப்பேன். "அப்பா, நான் இண்டைக்கு மஞ்சள் சட்டை" என்று மகள் ஆரணி தொடங்குவாள். ஒரு கோழி வளர்த்தாள், சிவப்பி என்று பெயர். ஒவ்வொரு தடவையும் கடைசியாக நான் கேட்பது ஒரே கேள்விதான்.

"சிவப்பிக்குச் சோறு போட்டியோ?"

"போட்டனான் அப்பா."

அதோடு வைப்பேன். உலகத்திலேயே நல்ல அப்பா யார் என்று அந்த நாளில் கேட்டிருந்தால் வெட்கமில்லாமல் என்னைத்தான் காட்டியிருப்பேன். கோபிக்காத, களைக்காத, வாரத்துக்கு இருபது நிமிடம் முழுக்க முழுக்கப் பிள்ளையோடு மட்டும் கதைக்கிற அப்பா.

இரண்டாயிரத்து நான்கு பங்குனிக் கடைசியில் அவர்கள் வந்து இறங்கினார்கள். இந்த ஊரின் டோர்வால் விமான நிலையத்தில் ஆரணி தாயின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். கூச்சம், இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். இரண்டு கிழமையாகியும் சரியாகவில்லை. நான் ஊட்டினால் சாப்பிடுவாள். கேட்டால் பதில் சொல்வாள். அப்பா என்று மட்டும் கூப்பிட மாட்டாள். எனக்கும் வீட்டில் குரல் வரவில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும். தொலைபேசியில் வாய் ஓயாத நான், நேரே அந்தக் கண்களைக் கண்டால் "சாப்பிட்டியோ" என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாமல் நிற்பேன்.

முதல் சனிக்கிழமை காலை எழும்பி வந்து பார்த்தால் பிள்ளை மஞ்சள் சட்டை போட்டு, தானே தலை இழுத்து, தொலைபேசிக்குப் பக்கத்தில் சம்மணம் கட்டி உட்கார்ந்திருக்கிறது.

"என்ன பிள்ளை, ஆருக்குப் பாத்துக்கொண்டிருக்கிறாய்?" என்று வதனி கேட்டாள்.

"அப்பா எடுப்பார்."

"அப்பா இஞ்சைதானே நிக்கிறார்."

ஆரணி என்னை மேலும் கீழும் பார்த்தாள். நான் அனுப்பிய படத்தில் முடியும் இருந்தது, மீசையும் இருந்தது. "இவர் வேற" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள்.

எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு கீழே இறங்கினேன். எங்கே போகிறேன் என்று தெரியாமல் நடந்து பிளாமொண்டோன் மெற்றோ நிலையத்துக்கு வந்துவிட்டேன். உள்ளே டிக்கெட் கூட்டுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு பொதுத் தொலைபேசி. கை தன்பாட்டில் என் வீட்டு எண்ணை அமத்தியது. முதல் மணியிலேயே எடுத்தாள்.

"அப்பா, ஏன் இவ்வளவு நேரம்?"

சுவரோடு சாய்ந்து நின்றுகொண்டேன். இந்த ஊரில் பனியில் கால் புதைகிறது, வெளியில் ஒருவரும் தமிழ் கதைக்கிறார்கள் இல்லை, சிவப்பியை ஊரில் மாமா பார்த்துக்கொள்கிறாராம் என்று எல்லாம் சொன்னாள். கடைசியில் குரலைத் தணித்து, "அப்பா, இஞ்சை வீட்டிலை ஒரு ஆள் இருக்கிறார். நல்லவர்தான். ஆனா சரியாக் குறட்டை விடுறார்" என்றாள். நான் சிரித்தேனா அழுதேனா என்று இப்போது ஞாபகமில்லை. டிக்கெட் கூட்டுக்குள் இருந்த மனுஷன் என்னை எட்டிப் பார்த்தது ஞாபகம் இருக்கிறது.

அதன்பிறகு அது வழக்கமாகிவிட்டது. டவுன்டவுன் உணவகத்தில் காலையிலிருந்து வெங்காயமும் கரட்டும் வெட்டிவிட்டு நாலு மணிக்கு ரயில் ஏறுவேன். பிளாமொண்டோனில் இறங்கி, பத்து நிமிட நடையில் இருக்கிற வீட்டுக்குத் தொலைபேசி எடுப்பேன். பிள்ளையோடு கதைத்துவிட்டு நடந்து வீட்டுக்குப் போவேன். கதவைத் திறக்கிற பிள்ளை என்னைப் பார்த்து ஒன்றும் பேசாமல் உள்ளே போகும். என்மேலேயே எனக்குப் பொறாமை வந்தது என்றால் நம்புவீர்களா?

வதனிக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. "இப்பிடிச் செய்தா அவள் உங்களோடை எப்ப பழகிறது?" என்றாள் ஒருநாள்.

"மெல்ல மெல்லச் சொல்லுவம். பிள்ளை ஏங்கிப் போயிடும்."

"பிள்ளையை விடுங்கோ. உங்களுக்குத்தான் போனிலை இருக்கிறது சுகமாக் கிடக்கு."

அவள் சொன்னது சரி. அதனால்தான் எனக்குக் கோபம் வந்தது. இரண்டு நாள் அவளோடு சரியாகக் கதைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் புரோசார்ட்டில் இருந்த வதனியின் ஒன்றுவிட்ட தங்கை வீட்டுக்குப் போவோம். பிளாமொண்டோனில் செம்மஞ்சள் பாதை ரயில் ஏறி, பெரி நிலையத்தில் மாறி, ஆற்றுக்கு அடியால் போகிற மஞ்சள் பாதை ரயிலில் லோங்கேய் போய், அங்கிருந்து பஸ். ஆரணிக்கு மெற்றோ என்றால் பயத்தில் உயிர் போகும். கம்பியை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு, இறங்கும்வரை காலைத் தூக்க மாட்டாள். நடக்கச் சொன்னால் காலை உரசி உரசி நடப்பாள். காரணத்தை அவள் தொலைபேசியில் இருந்த அப்பாவுக்குத்தான் சொன்னாள்.

"அப்பா, மெற்றோ ஓடேக்கை நான் காலைத் தூக்கினா, அது என்னை விட்டிட்டுப் போயிடுமோ?"

இந்த இடத்தில் நான் யார் என்று சொல்ல வேண்டும். ஊரில் உயர்தர வகுப்பில் கணிதப் பிரிவு. பௌதிகம் எனக்கு நன்றாக ஓடின பாடம். சீரான வேகத்தில் செல்லும் ரயிலில் ஒருவன் நிலைக்குத்தாகத் துள்ளினால் எங்கே விழுவான் என்று கணக்கு வரும். அதே இடத்தில்தான் விழுவான். அவன் தரையை விட்டு எழும்பினாலும் ரயிலின் வேகம் அவனிடம் இருக்கிறது, அதை யாரும் பறித்துக்கொள்ளவில்லை. இதற்குப் பெயர் சடத்துவம். படிப்பு இடம்பெயர்வோடு நின்று, இந்த ஊரில் வெங்காயம் வெட்டும்போது ஒரு நாளும் தேவைப்படாத அந்த அறிவு, முதல் தடவையாக ஒரு ஆளுக்குத் தேவைப்படுகிறது. அதுவும் என் பிள்ளைக்கு. சந்தோஷத்தில் வாய் நிறையச் சொன்னேன்.

"போகாது குஞ்சு. மெற்றோ உன்னை விட்டிட்டுப் போகவே போகாது. அதின்ரை ஓட்டம் உனக்குள்ளையும் இருக்கு. நீ பயப்பிடாமல் துள்ளு. அதே இடத்திலைதான் வந்து நிப்பாய்."

"உண்மையாவோ?"

"அப்பா எப்பவாவது பொய் சொல்லியிருக்கிறனோ?"

அவள் கேட்டது ரயிலைப் பற்றி மட்டும்தானா என்று பின்னாளில் பல தடவை யோசித்திருக்கிறேன். அன்றைக்கு யோசிக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை செம்மஞ்சள் பாதை ரயிலில் போய்க்கொண்டிருந்தோம். நான் இருக்கையில், வதனி எனக்குப் பக்கத்தில், பிள்ளை மூன்றடி தள்ளிக் கம்பியைப் பிடித்தபடி. திடீரென்று ஒரு கையை விட்டாள். பிறகு மற்றக் கையையும் விட்டாள். குனிந்து சப்பாத்தைப் பார்த்தாள். நான் சொன்னதை நம்புகிறாள், துள்ளப் போகிறாள் என்று பெருமையில் வாயைப் பிளந்துகொண்டிருந்தேன். நிலையம் கிட்டிவிட்டது என்று என் புத்திக்கு எட்டவில்லை. அவள் துள்ளினாள். அதே நேரம் ரயில் பிரேக் பிடித்தது.

கணக்குப்படி பார்த்தால் அவள் முன்னுக்குப் போனது ஒரு சாண்கூட இருக்காது. ரயில் வேகத்தைக் குறைத்தது, அந்தரத்தில் இருந்தவள் பழைய வேகத்திலேயே போனாள், அவ்வளவுதான். ஆனால் கால் நிலத்தில் படும்போது உடம்பு சரிந்துவிட்டது. கம்பியில் வாய் அடிபட்டது. மேலுதடு வெடித்து, ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த பால்பல் ஒன்று கழன்று தரையில் உருண்டது. பெட்டி முழுக்கக் கச்சான் மணம். நான் தூக்கப் போனேன், என் கையைத் தட்டிவிட்டுத் தாயிடம் போனாள். அவள் சத்தமாக அழவில்லை. தாயின் தோளில் இரத்தம் ஒழுக ஒழுக ஒன்று மட்டும் சொன்னாள்.

"அப்பா பொய் சொல்லிப்போட்டார்."

சீரான வேகம் என்பதை நான் சொல்லாமல் விட்டுவிட்டேன். கணக்கில் அதை விட்டால் புள்ளி குறைப்பார்கள்.

திங்கட்கிழமை நாலு மணிக்கு எடுத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் வதனி எடுத்தாள். "வரமாட்டாளாம்" என்றாள். செவ்வாய்க்கிழமையும் அதே பதில். "கையை மடக்கிக்கொண்டு இருக்கிறாள். நான் என்னப்பா செய்ய? இனி நீங்களாச்சு, உங்கடை போனாச்சு." ரிசீவரை வைத்துவிட்டு அங்கேயே நின்றேன். வீட்டில் இருந்த மனுஷனை அவளுக்கு ஏற்கெனவே வேண்டாம். இப்போது தொலைபேசியில் இருந்தவனும் வேண்டாம் என்றால், ஆறு வருடம் நான் காத்திருந்தது எதற்கு? என் வாழ்க்கையில் அவ்வளவு பயந்த பத்து நிமிடம் அந்த வீதியில் வீட்டுக்கு நடந்த பத்து நிமிடம்தான். ஷெல்லுக்குப் பயந்து ஓடியவன் சொல்கிறேன்.

அவள் சமையலறை மேசைக்குக் கீழே இருந்தாள். உதடு வீங்கிப்போய் இருந்தது. நான் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் அவளுக்கு முன்னால் நிலத்தில் இருந்தேன். மேலெல்லாம் வெங்காய மணம்.

"பிள்ளை, நான் பிழையாச் சொல்லிப்போட்டன்" என்றேன்.

"நீங்கள் சொல்லேல்லை. அப்பாதான் சொன்னவர்."

"மெற்றோ உன்னை விட்டிட்டுப் போகவே போகாது, அதின்ரை ஓட்டம் உனக்குள்ளையும் இருக்கு, பயப்பிடாமல் துள்ளு குஞ்சு எண்டு சொன்னது நான்தான். பிரேக் பிடிக்கேக்கை துள்ளக்கூடாது எண்டு சொல்ல மறந்துபோனன். பிழை என்ரை."

ஆரணி கண்ணை எடுக்காமல் என்னைப் பார்த்தாள். வீட்டுக்குள் நான் அவளோடு இவ்வளவு நீளமாகக் கதைத்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

"அப்பா கடைசியா என்ன கேப்பார்?" என்றாள்.

எனக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியதும் கேட்டேன்.

"சிவப்பிக்குச் சோறு போட்டியோ?"

அவள் முகம் மாறியது. சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். இல்லை. சிவந்து, கோணி, வீங்கிய உதடு நடுங்கி, மேசைக்குக் கீழிருந்து பாய்ந்து வந்து இரண்டு கையாலும் என் நெஞ்சில் குத்தினாள். "அப்ப ஏன் அப்பா பொய் சொன்னனீங்கள், ஏன் அப்பா இவ்வளவு நாளும் சொல்லேல்லை" என்று குத்தக் குத்தக் கேட்டாள். ரயிலில் அழாத அழுகையெல்லாம் அப்போதுதான் வந்தது. நானும் அழுதேன். வதனி அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். ஆறு வருடமாக அவள் எத்தனை பேருக்காக அழாமல் இருந்தாள் என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

நான் என்ன விளக்கம் சொன்னாலும் பிள்ளை கேட்பதாக இல்லை. செய்து காட்ட வேண்டும் என்றாள். அந்த ஞாயிற்றுக்கிழமை ஆற்றுக்கு அடியால் போகும்போது செய்தோம். பெரி நிலையத்துக்கும் அடுத்த நிலையத்துக்கும் நடுவே நீண்ட ஓட்டம், அவசரப்பட வேண்டியதில்லை. பஸ்ஸுக்கு மாற என்று நிலையத்து மெஷினில் எடுத்த மாற்றுச்சீட்டை, அந்த நாளில் அது ஒரு சின்னக் காகிதத் துண்டு, அவள் காலுக்குக் கீழே வைத்தேன். "பொறு. இப்ப வேகம் கூடுது. இன்னும் பொறு. சத்தம் ஒரே மாதிரி வரட்டும்" என்றேன். வந்ததும் இருவரும் கை கோத்துத் துள்ளினோம். எண்பது கிலோ ஆளொருவன் மெற்றோவில் துள்ளுவதைப் பார்க்கச் சகிக்காமல் வதனி யாரோ தெரியாதவள் மாதிரி ஜன்னலைப் பார்த்துக்கொண்டாள். ஆரணி குனிந்து பார்த்தாள். காகிதம் அவள் காலுக்குக் கீழேயே இருந்தது. மறுபடி துள்ளினோம். ஏழெட்டுத் தடவை இருக்கும். பிறகு அவளே மூக்கை உறிஞ்சிவிட்டு, "அப்பா, கச்சான் மணக்குது, பிடியுங்கோ" என்று என் ஜாக்கெட்டைப் பிடித்துக்கொண்டாள்.

அந்தக் காகிதத் துண்டுகள் இப்போது இல்லை, அட்டைதான். கச்சான் மணம் போன இடம் தெரியாது. சிவப்பி அடுத்த வருடமே செத்துப்போனது, மாமா கடிதம் போட்டார். ஆரணி இப்போது வான்கூவரில் வேலை செய்கிறாள். தமிழ் கதைப்பாள், ஆனால் கோபம் வந்தால் பிரெஞ்சுதான். சனிக்கிழமைகளில் எடுப்பாள். "எப்ப பிள்ளை வீட்டை வாறாய்?" என்று கேட்டால் "பாப்பம் அப்பா" என்பாள். தொலைபேசியில் நல்ல பிள்ளை. கோபிக்காது, களைக்காது. அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

பல் வைத்தியரிடம் போய் வந்த அன்றைக்கு பிளாமொண்டோனில் இறங்கியதும் டிக்கெட் கூட்டுக்குப் பக்கத்துச் சுவரைப் பார்த்தேன். தொலைபேசி இருந்த இடத்தில் நாலு ஆணித் துளைகள் மட்டும் இருக்கின்றன. கடைசியாக அதில் நான் கதைத்தது, ஆற்றுக்கு அடியில் துள்ளியதற்கு அடுத்த நாள், திங்கட்கிழமை நாலு மணிக்கு. பழக்க தோஷம். ரயிலால் இறங்கினதும் கை தன்பாட்டில் எண்ணை அமத்திவிட்டது.

"அப்பா, எங்கை நிக்கிறீங்கள்?" என்று கேட்டாள்.

"ஸ்டேஷனிலை."

"அப்ப என்னத்துக்குப் போன் எடுக்கிறீங்கள்? வீட்டை வாங்கோ."

ரிசீவரை வைத்தேனா, தொங்கவிட்டேனா தெரியாது. நடக்கிற அந்தத் தூரத்தை அன்றைக்கு ஓடினேன். அதற்குப் பிறகு அந்தத் தொலைபேசியை நான் தொடவேயில்லை. எந்த வருடம் கழற்றினார்கள் என்றுகூட எனக்குத் தெரியாது.